அண்ணியின் மாத்திரையும் கம்பெனியின் சான்றிதழும்

என் அண்ணி ஃபெலிசியாவை கன்று நர்சரியை மேற்பார்க்கும் மண்டோர் ஆக்கியது கம்பெனியின் பெருந்தன்மை என்று என் அண்ணன் ஆரோக்கியநாதன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நடந்தது வேறு. பழைய மண்டோர் முருகையா வேலையை விட்டுவிட்டு மகனோடு நீலாய்க்குப் போய்விட்டார். பகாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் எங்கள் எஸ்டேட்டில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் கன்றுகளோடு மல்லுக்கட்ட ஆண்பிள்ளைகள் யாரும் முன்வரவில்லை. எல்லாரும் சிரம்பான் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போயாகிவிட்டது. மிச்சம் இருந்தவர் அண்ணி. லாபு எஸ்டேட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்த கையோடு அம்மாவுடன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். கல்யாணமாகி இங்கே வந்து உரம் போட்டார், மருந்தடித்தார். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. வேறு வழியில்லாமல் அவரிடம் கொடுத்தார்கள். அவரோ அந்த வேலையை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டார்.

நர்சரியில் அண்ணியின் கீழ் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியப் பெண்கள். அவர்களுக்கு அண்ணியிடம் பயமும் உண்டு, பாசமும் உண்டு. கிறிஸ்துமஸ் பெரிய நாளுக்குக் கேக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணனும் பெரிய மரங்கள் நிற்கும் வெளிக்காட்டுக்கு மண்டோர்தான். ஆனால் அவர் வீட்டு வாசலில் யாரும் எதற்கும் வந்து நின்றதில்லை. அவருக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

ஐம்பத்தொன்றாவது வயதில் அண்ணிக்குச் சூடு ஆரம்பித்தது. பெரட்டில் பனி மூட்டத்துக்குள் எல்லாரும் ஜாக்கெட்டோடு நடுங்கிக்கொண்டு நிற்க, அண்ணி மட்டும் முகமெல்லாம் வியர்த்து, தலைத்துண்டால் விசிறிக்கொண்டு நிற்பார். தூக்கம் போயிற்று. ஒன்றுமில்லாததற்குக் கோபம் வந்தது, அடுத்த நிமிடம் அழுகை வந்தது. ஒரு நாள் ஏற்கெனவே உரம் போட்ட வரிசைக்கே மறுபடி போடச் சொல்லிவிட்டார். கன்றுகள் கருகின. இத்தனை வருஷத்தில் அண்ணி அப்படி மறந்ததே கிடையாது. மேனேஜர் அமிர்தலிங்கம் கருகிய கன்றுகளைப் பார்த்துவிட்டு, "வயசாயிருச்சோ ஃபெலிசியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அண்ணிக்கு அந்தச் சிரிப்புதான் பயத்தைக் கொடுத்தது. இன்னொரு தடவை தவறினால் நர்சரி கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வைத்தியத்துக்கு எங்கள் எஸ்டேட்டில் என்றுமே பஞ்சமில்லை. ஒருத்தி வெந்தயம் என்றாள், ஒருத்தி இளநீர் என்றாள். எங்கள் கோயிலின் அன்பிய ஜெபக் கூட்டத்தை நடத்தும் பெட்ரிசியா அக்கா, ஜெபம் குறைந்துபோனால் உடம்பு இப்படித்தான் காட்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். கடைசியில் அம்பாங்கானில் குடியிருக்கும் அண்ணியின் மகன் டெரன்ஸ் வந்து, அம்மாவைக் காரில் ஏற்றிச் சிரம்பானில் ஒரு லேடி ஸ்பெசலிஸ்டிடம் கொண்டுபோனான். அந்த டாக்டர் அம்மா உட்கார வைத்து எல்லாம் கேட்டார். ரத்தம் பார்த்தார், மார்பகத்தைப் படம் எடுத்தார். "மாதவிடாய் நிற்கிற காலம். உங்களுக்கு இது கடுமையாக இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை சாப்பிடலாம், உங்களுக்கு ஒத்துவரும்" என்றார். ஒரு மாத மாத்திரையும் கொடுத்து, இதையே உங்கள் டாக்டரிடம் தொடர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து என்னைப் பாருங்கள் என்று டாக்டருக்கு எழுதியும் கொடுத்தார்.

அந்த ஒரு மாதம் அண்ணி தூங்கினார். கோயிலில் பாடற்குழுவோடு சேர்ந்து பாடினார். அண்ணனைத் திட்டுவதற்குக்கூட ஒரு நியாயமான காரணம் கிடைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மாத்திரை தீர்ந்தது.

கம்பெனி ஆட்களுக்குப் பகாவ் டவுனில் ஒரு பேனல் கிளினிக் உண்டு. டாக்டர் பிரேமநாதன் அங்கே எழுதிக் கொடுக்கும் மருந்துக்குத்தான் கம்பெனி பணம் கட்டும். அவருடைய அப்பா கந்தையா ஒரு காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் பெரிய கிராணி, கணக்கெழுதுகிறவர்களுக்குத் தலைவர். எங்கள் தாத்தாவின் சம்பளத்தை எழுதிய குடும்பம் என்பதால், எங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். எஸ்டேட் ஆள் எதற்கு வருவான்? எம்சிக்கு. மருத்துவ விடுப்புக்கு அல்லாமல் ஒரு தோட்டத்தாள் கிளினிக் வாசலை மிதிப்பான் என்பதை அவருடைய படிப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணிக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"என்னம்மா, எத்தன நாளு எம்சி வேணும்?" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எம்சி வேணாம் டாக்டர். மருந்துதான் வேணும். ஸ்பெசலிஸ்ட் குடுத்தது முடிஞ்சி போச்சி."

ஸ்பெசலிஸ்ட் எழுதியதை வாங்கிப் படித்தார். புருவம் ஏறியது. "ஹார்மோனா? அதெல்லாம் பெரிய மருந்து லா. கேன்சர் வரும்."

"அவங்க எல்லாம் செக் பண்ணித்தான் குடுத்தாங்க. மாருகூட படம் எடுத்தாச்சி டாக்டர்."

"அவங்க டவுன் ஆளுங்களுக்குக் குடுப்பாங்க. இது நேச்சரல் லா அம்மா. எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான். ஒங்க அம்மா மாத்திரையா சாப்ட்டாங்க?"

"எங்கம்மா நாப்பத்தெட்டுலயே செத்துட்டாங்க டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்தார். இரண்டு நாள் எம்சியும் ஒரு டப்பா வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அண்ணி அந்த எம்சியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஊரில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்து வாங்குகிற காகிதம், கேட்காமலேயே அவர் கையில் இருந்தது.

அடுத்த மாதம் போனோம். அதே கேள்வி, அதே புருவம். தியானம் செய்யச் சொன்னார். எம்சி கொடுத்தார். அதற்கடுத்த முறை போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை, எம்சி மட்டும் தவறாமல் வந்தது. டெரன்ஸ் திரும்ப ஸ்பெசலிஸ்டிடம் கூட்டிப்போகிறேன், காசைப் பார்க்காதீர்கள் என்று போனில் கெஞ்சினான். அண்ணி மசியவில்லை. "இருவத்தஞ்சி வருசமா இந்தக் கம்பெனிக்கு ஒழைக்கிறேன். எனக்கு வர வேண்டிய மருந்த எம்புள்ள ஏன்டா வாங்கணும்?" என்றார். எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் எங்களைவிடப் பிடிவாதக்காரர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதே எஸ்டேட்டில் ஒரு செம்பனைக்கு ஓலை மஞ்சளித்தால் போதும், கோலாலம்பூரிலிருந்து மர நிபுணர் வருவார். ஓலையைக் கிழித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், இன்ன உரம் இவ்வளவு போடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போவார். மறுநாள் காலை உர லாரி வந்து நிற்கும். ஓலை மஞ்சளாவது இயற்கைதானே, எல்லா மரத்துக்கும் வருவதுதானே, அதன் தாய்மரம் உரமா சாப்பிட்டது என்று எந்த மேனேஜரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மரங்களுக்கு நல்ல கொடுப்பினை.

மூன்று தடவை எம்சி, அதற்கு முன்பு சிரம்பானில் பொம்பளை டாக்டர், கூடவே அடிக்கடி வியர்வை, மயக்கம், எரிச்சல். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு இது போதாதா? அண்ணி உண்டாகியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். பெட்ரிசியா அக்கா அன்பியக் கூட்டத்தில் கண்ணை மூடி, "எந்த வயசுலயும் குழந்த வரம் குடுக்குற ஆண்டவரே" என்று ஆரம்பித்தபோது, யாருக்காக என்று புரியாமல் அண்ணியும் சேர்ந்து ஆமென் சொன்னார். மறுநாள் அக்கா மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளுமாக வீட்டுக்கு வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாங்காய் வாசலைத் தாண்டிப் பறந்ததை நானே பார்த்தேன்.

இதில் என் அண்ணனின் பங்கை மறைக்க நான் விரும்பவில்லை. காப்பிக் கடையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் கை குலுக்கினார்கள். ஐம்பத்தேழு வயது மனிதர், முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்க ஆள் தேடுகிறவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் ஆண்டவர் செயல்" என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஏண்ணே, அப்படியெல்லாம் ஒன்னும் இல்லனு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"நான் எப்ப ஆமானு சொன்னேன்? ஆண்டவர் செயல்னுதான சொன்னேன்" என்றார், பாவம்.

ஆண்டவர் செயல் ஆபிசுக்கும் போய்ச் சேர்ந்தது. கர்ப்பிணிகள் பூச்சிமருந்து புழங்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான். வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டு ஆடிட் நெருங்கும்போது மட்டும் எழுந்து உட்காரும். எங்கள் எண்ணெயை வெளிநாட்டுக்காரன் வாங்க வேண்டுமானால் சுற்றுச்சூழல், தொழிலாளர் நலம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். அதைப் புதுப்பிக்க அதிகாரிகள் வரும் நேரம் அது. மேனேஜர் அமிர்தலிங்கம் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டோர் பார்க்கும் ராய்ஸ்டனை நர்சரிக்கு மாற்றினார். அண்ணியைக் குழந்தைக் காப்பகத்தில் கூட்டிப் பெருக்கும் இலகு வேலைக்கு அனுப்பினார். நான் அங்கேதான் ஆயாவாக இருக்கிறேன். காலையில் துடைப்பத்தோடு அண்ணி வந்து நின்றார்.

அண்ணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேரே ஆபிசுக்குப் போனார்.

"எனக்கு அம்பத்தொன்னு வயசு மேனேஜர்! யாரு புள்ள பெக்கப் போறா?"

"வயச பத்தி ரூல்ல ஒன்னும் இல்லியே ஃபெலிசியா. டாக்டர்கிட்ட லெட்டர் கொண்டாங்க, பாக்கலாம்."

மறுபடியும் பகாவ். டாக்டர் பிரேமநாதன் சிறுநீர் பரிசோதனை செய்து, கர்ப்பம் இல்லை, வேலைக்குத் தகுதி என்று எழுதினார். மாதவிடாய் நிற்கிற தொந்தரவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்கு மருந்தும் எழுதுங்கள் என்று அண்ணி கேட்டார். "அது ஒரு வியாதியே இல்லியே அம்மா, எப்படி எழுதறது?" என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்.

மேனேஜர் அதை வாங்கிப் படித்தார். "கர்ப்பமும் இல்ல, வியாதியும் இல்ல. அப்ப மூனு தடவ எம்சி எதுக்கு எடுத்தீங்க? கன்னு வேற கருகிப் போச்சி." அண்ணி பதில் சொல்வதற்குள் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "ஆடிட் முடியட்டும். அதுவரைக்கும் அமைதியா இருந்தீங்கனா, நர்சரி யாருக்குங்கிறத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மேனேஜர். சொன்ன விதத்தில் விஷயம் தெளிவாக இருந்தது. வாயை மூடினால் ஒருவேளை நர்சரி திரும்பி வரும். திறந்தால் துடைப்பம்தான்.

ஆடிட்டுக்கு முந்திய வாரம் முழுக்கப் பெரட்டில் எங்களுக்குப் பாடம் நடந்தது. அதிகாரி எதைக் கேட்டாலும் "செமுவா ஓகே" என்று சொல்ல வேண்டும். எல்லாம் சரி என்று அர்த்தம். தண்ணீர் வருகிறதா? செமுவா ஓகே. கையுறை கொடுக்கிறார்களா? செமுவா ஓகே. ஞாயிறு பூசையில்கூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

வந்த அதிகாரி புவான், அதாவது திருமதி, ரொஸ்மீனா என்ற மலாய்க்கார அம்மாள். எஸ்டேட் மண்டபமான டேவானில் குளிர்சாதனத்தைப் போட்டு, மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு, தொழிலாளர்களை இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார். நானும் அண்ணியும் சேர்ந்து போனோம். வேலை எப்படி இருக்கிறது என்று அவர் மலாயில் கேட்டார். "செமுவா ஓகே, புவான்" என்றார் அண்ணி. சம்பளம்? செமுவா ஓகே. அந்த நேரம் பார்த்துச் சூடு ஏறியது. கழுத்து சிவந்து, நெற்றியில் முத்துமுத்தாக வியர்த்து, தாடையிலிருந்து சொட்டியது. நான் குளிரில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அண்ணி மழையில் நனைந்தவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

புவான் ரொஸ்மீனா எழுந்துபோய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீர்கள். யாராவது உங்களை மிரட்டினார்களா?"

"இல்லை புவான்."

"மேனேஜர் அடிப்பாரா?"

"ஐயோ, இல்லை!" அண்ணி பதறப் பதற வியர்வை கூடியது. வியர்வை கூடக் கூட அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அமிர்தலிங்கம் எங்களைச் சங்கிலியில் கட்டி வைத்து வேலை வாங்குகிறார் என்றே எழுதியிருப்பார். எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆனால் அண்ணி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நர்சரி என்பது அவர் மனதிலும் ஓடியிருக்கும், என் மனதிலும் ஓடியது.

"பயம் இல்லை புவான்" என்றார் கடைசியில். "எனக்கு உடம்புதான் சரியில்லை. நான் சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்." பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். சூடு, தூங்காத இரவுகள், கருகிய கன்றுகள், ஸ்பெசலிஸ்ட் கொடுத்த மாத்திரை, அது கிடைத்தபோது இருந்த நிம்மதி, கேட்காமலேயே வந்த எம்சி, மாங்காய், துடைப்பம் எல்லாம். புவான் ரொஸ்மீனா மாங்காய்க்குச் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "நிபுணர் எழுதிக் கொடுத்த பிறகுமா கொடுக்கவில்லை?"

மறுநாள் கூட்டத்தில் அவர் வாசித்த குறைகளில் எங்கள் அண்ணியும் ஒரு குறை. கர்ப்பம் என்று உறுதி செய்யாமலேயே ஒரு பெண் தொழிலாளியை வேலையிலிருந்து மாற்றியது, நிபுணர் பரிந்துரைத்த சிகிச்சை கம்பெனியின் டாக்டர் மூலம் கிடைக்காமல் போனது. இதைச் சரிசெய்து ஆதாரம் அனுப்பும்வரை சான்றிதழ் நிற்கும் என்றார். அன்றைக்கு மேனேஜருக்கு வியர்த்ததாக ஆபிஸ் பையன் வந்து சொன்னான். அதை இயற்கை என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே டாக்டர் பிரேமநாதனின் கார் எங்கள் செம்மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து ஆபிஸ் வாசலில் நின்றது. அவர் அப்பா போனதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர் இந்த ரோட்டில் வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்பெசலிஸ்ட் எழுதிய அதே காகிதத்தைக் கையில் வாங்கிப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அண்ணியின் ரத்த அழுத்தத்தைக்கூட அளந்தார்.

"நல்ல மருந்து லா அம்மா இது. இப்பல்லாம் நெறைய பேரு சாப்படறாங்க."

"கேன்சர் வரும்னீங்களே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"ஸ்பெசலிஸ்டே செக் பண்ணி ரெக்கமண்ட் பண்ணிருக்காங்கல்ல? அப்புறம் என்ன?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். தப்பு என்மேல்தான்.

மாத்திரைப் பெட்டியை டாக்டர் கொடுக்க, அண்ணி வாங்க, மேனேஜர் கைப்பேசியில் படம் பிடித்தார். அதுதான் அனுப்ப வேண்டிய ஆதாரம். "கொஞ்சம் சிரிங்க ஃபெலிசியா" என்றார். அண்ணி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உதடு கோணியது, பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றபடி அழுதுவிட்டார்.

"நான் சொன்னப்பெல்லாம் ஒருத்தருக்கும் கேக்கல" என்றார். "எம்வாயால எத்தன தடவ சொன்னேன். ஒரு பேப்பருக்கு ஆபத்துன்ன ஒடனே எல்லாருக்கும் எனக்கு ஒடம்பு சரியில்லனு தெரிஞ்சி போச்சி."

டாக்டர் காரின் சாவியைப் பார்த்தார். மேனேஜர் கைப்பேசியைப் பார்த்தார். அழுகிற படத்தை அனுப்ப முடியாது என்பதால் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை எல்லாரும் காத்திருந்தோம். இரண்டாவது படம் நன்றாக வந்தது என்றார்கள்.

நர்சரி அண்ணியிடம் திரும்பி வந்தது. ராய்ஸ்டன் ஸ்டோருக்குத் திரும்பினான், போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனான். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு அண்ணி தூங்கினார். பெரட்டில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிறார், சத்தம் போட்டால் நர்சரியின் கடைசி வரிசைவரை கேட்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பு. அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தார்.

"மாத்திர சாப்ட ஆரம்பிச்சதுலேர்ந்து வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா நட்டாலி" என்றார் என்னிடம். பிறகு அண்ணியிடம் திரும்பி, "இத மொதல்லயே எங்கிட்ட சொல்லிருந்தா, நானே டாக்டர்கிட்ட போய்ப் பேசிருப்பேன்ல?" என்றார்.

அண்ணி கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"மொதல்ல ஒங்ககிட்டதாங்க சொன்னேன். டெரன்சுக்கு முன்னாடி, டாக்டருக்கு முன்னாடி. ஒடம்பெல்லாம் எரியுது, தூக்கம் வரல, எனக்கு பயமா இருக்குனு சொன்னேன். நீங்க ஃபேன எம்பக்கம் திருப்பி வச்சிட்டு, ஒங்களுக்குக் குளுருதுனு தலகாணிய எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனீங்க. அன்னைக்கிலேர்ந்து அங்கதான் படுக்கிறீங்க."

தினமும் அந்த வீட்டுக்குப் போய்வருகிற எனக்கே அது தெரியாது. என் அண்ணன் தட்டில் இருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அண்ணி அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, தன் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.